வட்டக்குழிப் பாறையும் கிரீட் தீவும்

கல்யாணமாகி மலைக்குப் போனபோது என்னோடு வந்த சீர்வரிசையில் பாதிக்குமேல் வெயில் ஊருக்கான சாமான்கள். பித்தளைப் பானைகள் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துப்போயின. இலவம்பஞ்சு மெத்தை பூஞ்சணம் பிடித்து வீட்டுக்கு வெளியே போனது. ஒரு புத்தகம் மட்டும் தப்பித்தது. மதுரையில் வரலாறு படித்த காலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது, செங்கல் கனம். எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருந்தது. அதன் சூடு ஏறும் சுவரில் இருந்த அலமாரியில் புத்தகத்தை வைத்துவிட்டேன். அதனால்தான் பிழைத்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கணவர் போடிமெட்டுக்கு அப்பால் ஒரு சின்ன ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். நான் போடியில் இரண்டு வருடம் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்திவிட்டு வந்தவள். மலையில் பாடம் நடத்த ஆள் கிடையாது. கணவரிடம் நடத்திப் பார்த்தேன். அவர் சோழர் காலம் வருவதற்குள் குறட்டை விட்டார். பாடம் நடத்திப் பழகிய வாய் சும்மா இருக்குமா? லயத்துப் பெண்களைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் பெரும்பாலும் மலையடிவார ஊர்களான தேவாரம், போடிப் பக்கத்துக்காரர்கள். ஏலக்காய்ப் பறிப்புக்காக மலையேறி வந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலேயே தங்கிவிட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலையில் பேன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் காட்டுவேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது கிரீட் தீவைப் பற்றிய அத்தியாயம். யவனர்கள் தலையெடுப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தத் தீவில் மாளிகை கட்டி, சுவரெல்லாம் வண்ணம் தீட்டி வாழ்ந்தவர்கள் மினோவர்கள். அவர்களுடைய பழைய எழுத்தை யாராலும் வாசிக்க முடியவில்லை. அதனால் அவர்கள் விட்டுப்போன சாமான்களைப் பார்த்து ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பாய்கிற காளையின் முதுகுக்கு மேலே ஒருவன் குட்டிக்கரணம் போடுகிற படம் வந்ததும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எங்க மாமன் வீட்டுக் காளைகிட்ட இந்த ஆளைக் கொண்டாங்க தாயி, என்ன கரணம் போடுறான்னு பாப்பம்" என்றாள் ஒருத்தி. அடுத்த பக்கத்தில் ஒரு களிமண் வட்டு. சின்னத் தட்டு அளவுதான். இரண்டு பக்கமும் சுருள் சுருளாக முத்திரை குத்தியிருக்கும். மனிதத் தலை, மீன், பூ என்று என்னென்னவோ. அது பாட்டா, மந்திரமா, ஏதாவது ஆட்டமா, யாருக்கும் தெரியாது. தந்தமும் படிகமும் பதித்த ஆட்டப்பலகை ஒன்றும் இருந்தது. அதை எப்படி ஆடினார்கள் என்பதும் யாருக்கும் தெரியாது, விதியை எழுதி வைக்காமல் போனார்களே என்று எனக்கு ஒரு மனத்தாங்கல். இருந்தாலும் இவ்வளவு தெரியாதவற்றை ஒரே அத்தியாயத்தில் வைத்திருந்த அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

கடைசியாக ஒரு வட்டக்கல். நடுவில் ஒரு குழி, விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழிகள். முதல் விளைச்சலில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் குழிகளில் வைத்துச் சாமிக்குப் படைத்தார்கள் என்று ஒரு கட்சி. இல்லை, காய் நகர்த்தி விளையாடினார்கள் என்று எதிர்க்கட்சி. படத்தைப் பார்த்ததும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்ம பாறையில்ல இது?" என்றாள் மதினி.

மதினி என்பது பெயர் இல்லை. லயத்தில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கை வேகம், வாய் அதைவிட வேகம். இரண்டு முட்டியும் போய்விட்டன. ஈரத்திலேயே குந்தி உட்கார்ந்து ஏலச்செடியின் அடியில் காய் பறித்த வருடங்கள் அவ்வளவு. சண்டை என்று வந்தால் தெருக்கோடி வரை கேட்கும். மலையில் தெருக்கோடி இல்லாததால் அடுத்த தோட்டம் வரை கேட்கும்.

மறுநாளே என்னைப் பாறைக்குக் கூட்டிப்போனார்கள். காய் நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தட்டைப் பாறை, அதில் வட்டமாகக் குழிகள், நடுவில் பெரிதாக ஒன்று. யார் வெட்டினார்கள் என்று கேட்டேன். தோட்டம் போட வந்தபோதே இருந்தது என்றார்கள். கிரீட் தீவை நான் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஓடிப்போய்க் கணவரிடம் சொன்னேன். "ஆமா, அதுல வருசா வருசம் ஒரு காலை நேரம் வீணாப் போகுது" என்றார்.

வீணாகப் போகிற அந்தக் காலையை அந்த ஆவணியிலேயே பார்த்தேன். முதல் பறிப்பு தொடங்கும் நாள். எங்கள் தோட்டத்தை நடுவில் ஓர் ஓடை பிரித்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் ஸ்டோரையும் லயத்தையும் ஒட்டிய சமதளம். ஒரு சிலருக்கே அங்கே இடம் உண்டு. மற்றவர்கள் ஓடையைத் தாண்டி மேலே ஏற வேண்டும். அங்கே சரிவும் வழுக்கும், அட்டை கடிக்கும். மழை பிடித்துக்கொண்டால் ஓடையில் தண்ணீர் ஏறிவிடும், சாயங்காலம் வடிகிறவரை இந்தப் பக்கம் வர முடியாது. யார் எந்தப் பக்கம் என்பதை அந்தப் பாறைதான் தீர்மானித்தது. ஒருமுறை தீர்மானமானால் அந்தப் பருவம் முழுக்க மாற்றம் கிடையாது.

முதலில் பூசை. பறித்த பச்சைக் காய் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குழியில் வைத்தார்கள். நடுக்குழியில் சூடம் கொளுத்திக் கும்பிட்டார்கள். சூடம் அணைந்ததும் காயை வாரி மடியில் கட்டிக்கொண்டு, அதே குழிகளில் ஆட்டத்தை ஆரம்பித்தார்கள். உடைந்த வளையல், சட்டைப் பொத்தான், கூழாங்கல் என்று ஆளுக்கொன்று. ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகளை உருட்டி, எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அத்தனை குழி நகர வேண்டும். நடுக்குழிதான் வீடு. வட்டத்தைச் சுற்றி வந்து முதலில் வீடு சேர்கிறவர்களுக்கு ஓடைக்கு இந்தப் பக்கம்.

"இது பூசையா, ஆட்டமா?" என்று கேட்டேன். இரண்டு கட்சிகளில் எந்தக் கட்சி ஜெயிக்கிறது என்று தெரிந்தாக வேண்டுமே.

"பூசை முடிஞ்சுருச்சு தாயி. இப்ப ஆட்டம். தள்ளி உக்காருங்க, நெழல் விழுகுது" என்றாள் மதினி.

அன்று நான் ஆட்டத்தின் விதிகளை மனப்பாடம் செய்துகொண்டேன். அடுத்த வருடம் போனால் விதி வேறாக இருந்தது. முந்தின வருடம் ஒருத்தியின் காய் இன்னொருத்தி நிற்கிற குழியில் விழுந்தால் வெட்டு. இந்த வருடம் வெட்டு இல்லை. முந்தின வருடம் கணக்குக்குமேல் விழுந்தாலும் வீடு சேரலாம். இந்த வருடம் சரியாக விழுந்தால்தான் உண்டு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வகுப்பில் விடைத்தாளைத் திருத்துகிற குரலில், "இது தப்பு, போன வருசம் இப்படி இல்லையே" என்றேன்.

"அது போன வருசத்துச் சட்டம்" என்றார்கள், ஏதோ சட்டசபையே கூடி மாற்றியதுபோல.

இவர்களுக்கே தங்கள் ஆட்டம் தெரியவில்லை என்று கணவரிடம் அலுத்துக்கொண்டேன். நீங்களே ஆளைப் பிரித்து அனுப்பினால் என்ன என்றும் கேட்டேன். அவருக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசர் அதைச் செய்து பார்த்தாராம். யாருக்கு வேண்டியவள் யார் என்று தோட்டமே இரண்டுபட்டு, ஒரு வாரம் காய் செடியிலேயே பழுத்து உதிர்ந்ததாம். "பாறை சொன்னா வாயை மூடிக்கிட்டுப் போறாளுக. எனக்கு அது போதும்" என்றார். ஆட்டம் நடக்கும்போது அவர் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்.

மூன்றாவது வருடம் வந்தது. அந்த வருடத்தைத்தான் சொல்ல வந்தேன்.

மதினியின் பக்கத்து அறையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். புருசன் ஜீப்பில் லோடு ஏற்றுகிறவன். அவள் மடியில் ஐந்து மாதக் குழந்தை. மூத்தது தேவாரத்தில் பிறந்து மூன்று மாதத்தில் தவறிவிட்டது. இதுவும் எடை போடவில்லை, நெஞ்சில் எப்போதும் சளி. புட்டிப்பாலை வாயில் வைத்தாலே துப்பியது. அடிக்கடி தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருங்கள், வேறு வழியில்லை என்று போடியில் டாக்டர் சொல்லியிருந்தார். வேலைக்குப் போகாமல் இருக்க அவர்களுக்கு வசதியில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் இடம் கிடைத்தால் அழுகிற சத்தம் கேட்டதும் ஓடி வந்து பால் கொடுக்கலாம். அந்தப் பக்கம் விழுந்தால், மழை நாளில் பிள்ளை சாயங்காலம் வரை வறண்ட தொண்டையோடு கிடக்க வேண்டும். இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்றேன்" என்றேன் அவளிடம்.

"வேணாங்க்கா. ஒருத்தர்கிட்டப் போய்க் கையேந்திட்டு, அப்புறம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுறதக் கேட்டுக்கிட்டுக் கெடக்க முடியாது. விழுந்தா விழுகட்டும்" என்றாள். ரோசக்காரி. அதைக் கேட்டு எனக்கு அவளை ஓர் அறை அறையலாம் என்று இருந்தது. அவளுக்குத் தெரியாமல் கணவரிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர் பழைய கதையையே சொன்னார்.

இன்னொன்றும் இருந்தது. மதினிக்கும் அவளுக்கும் பேச்சு கிடையாது. மதினியின் கோழி அவள் காயப்போட்ட மிளகாயைக் கிளறிவிட்டதில் தொடங்கிய சண்டை அது. கோழியைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டு ஒழித்த பிறகும் சண்டை ஒழியவில்லை. "அந்தக் கெழவி கையால பச்சத் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்" என்று இவள் சொன்னாள். அது மதினி காதில் விழுகிற மாதிரித்தான் சொன்னாள்.

அன்று காலை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எல்லாரும் பாறையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பூசை முடிந்தது. ஆட்டம் ஓடியது. ஒருவர் பின் ஒருவராக வீடு சேர்ந்து, ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரே ஓர் இடம் மிச்சம். மதினியின் காய் வீட்டுக்கு மூன்று குழி தள்ளி நின்றது. பிள்ளைக்காரியின் காய்க்கு இன்னும் இரண்டு குழி. மற்றவர்கள் எல்லாம் வட்டத்தின் அந்தக் கோடியில் கிடந்தார்கள். உருட்டுகிற முறை மதினியுடையது.

மதினி அந்த இடத்துக்காக எப்படி ஏங்கியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். முந்தின பருவம் முழுக்க அவள் ஓடைக்கு அந்தப் பக்கம். சாயங்காலம் இறங்கி வரும்போது ஒவ்வொரு செடியாகப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குவாள். "இந்த வருசமும் மேல ஏறச் சொன்னா அங்கனயே பொதைச்சிருங்கடி" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொட்டையைக் கையில் குலுக்கி, வாய்க்குள் என்னவோ முனகி உருட்டினாள். மூன்று வெள்ளை. சந்தேகமே இல்லாமல் மூன்று.

அப்போது பிள்ளைகள் கொட்டகையிலிருந்து அவள் பிள்ளை அழுதது. மெலிந்த அழுகை, நடுவில் இருமல். பிள்ளைக்காரி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள்.

மதினி தன் வளையல் துண்டின் மேல் விரலை வைத்து, அது நின்றுகொண்டிருந்த குழியையே தட்டி "ஒண்ணு" என்றாள். அடுத்ததில் "ரெண்டு." அதற்கடுத்ததில் "மூணு." வளையலை அங்கே வைத்தாள். வீட்டுக்கு ஒரு குழி முன்னால் நின்றது. நின்ற குழியையும் சேர்த்து எண்ணுவது, தாயம் ஆட உட்காருகிற சின்னப் பிள்ளை முதல் நாள் செய்து குட்டு வாங்குகிற தப்பு. மதினி அந்தப் பாறையில் எத்தனை வருடமாக ஆடுகிறவள்!

நான் சுற்றிப் பார்த்தேன். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ஒருத்தி சாக்கைச் சரி செய்தாள். எல்லாரும் பார்த்துத்தான் இருந்தார்கள்.

பிள்ளைக்காரி திரும்பினாள். "உருட்டுடி வெரசா, சோலி கெடக்கு" என்று மதினி எரிந்து விழுந்தாள், பல நாளுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் உருட்டினாள். அவளுக்கு வேண்டியது இரண்டு, விழுந்ததோ மூன்று.

"கூட விழுந்தாலும் வீடுதான்" என்றாள் பக்கத்தில் இருந்தவள், கொட்டைகள் உருண்டு நின்றதும் நிற்காததுமாக. "ஆமா, வீடுதான், வீடுதான்" என்று நாலைந்து குரல். போன வருடம் கணக்குக்குமேல் விழுந்தால் கிடையாது. பிள்ளைக்காரி போன வருடம் இதே நேரம் மசக்கையில் படுத்துக் கிடந்தாள். அவளுக்கு அது தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். பழக்கதோசத்தில் என் வாய் தானாகத் திறந்தது. பின்னாலிருந்து ஒரு கை என் மடியில் வெற்றிலைப் பையைப் பொத்தென்று போட்டது.

"இதக் கொஞ்சம் பிடிங்க தாயி. பாக்கு விழுந்துறாம."

பையைப் பிடித்துக்கொண்டேன், வாயையும் மூடிக்கொண்டேன். இரண்டு வருடமாக நான் திட்டிக்கொண்டிருந்த அந்தச் சட்டம் மாறுகிற சங்கதி அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. முந்தின வருடம் வெட்டு எடுபட்டபோது யார் தப்பித்தாள் என்று யோசித்தேன். கர்ப்பப்பை இறங்கி ஆபரேசன் ஆகி வந்திருந்த ஒருத்தி. கிரீட் தீவுக்காரர்கள் தங்கள் ஆட்டத்தின் விதியை எங்கேயும் எழுதி வைக்காமல் போனதில் எனக்கு இருந்த மனத்தாங்கல் அன்றோடு போய்விட்டது.

பிள்ளைக்காரி எழுந்து நின்று பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுகை வந்துவிட்டது அவளுக்கு. அதோடு போயிருந்தால் சரி. போகிற போக்கில், "சாமிக்குத் தெரியும் யாருக்குக் குடுக்கணும்னு. வாய் உள்ளவுகளுக்கெல்லாம் குடுக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள். மதினி விடவில்லை. "கண்ணவிஞ்ச சாமி! இதுக்குச் சூடம் வேற ஒரு கேடு" என்று அவள் கத்தியது அடுத்த தோட்டத்துக்குக் கேட்டிருக்கும்.

அந்தப் பருவம் நல்ல மழை. பிள்ளைக்காரி காய்க்கூடையை அப்படியே போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடி வருவதை என் சமையலறை சன்னலிலிருந்து ஒரு நாளைக்குப் பலமுறை பார்த்தேன். பிள்ளைக்குக் கன்னம் வைத்தது, இருமல் குறைந்தது. மதினி காலையில் கம்பை ஊன்றி ஓடையைத் தாண்டுவதும் அதே சன்னலில் தெரிந்தது. ஒரு கையால் முட்டியைப் பிடித்துத் தூக்கி அடுத்த கல்லில் வைப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நிற்க எனக்கு முடியவில்லை. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் நல்லெண்ணெயில் பூண்டும் ஓமமும் போட்டுக் காய்ச்சி எடுத்துக்கொண்டு மதினியின் அறைக்குப் போனேன். சூப்பர்வைசர் வீட்டு அம்மா தன் காலைத் தொடுவதாவது என்று அவள் முதலில் விடவே இல்லை. நான் கேட்கவில்லை. சேலையை விலக்கிப் பார்த்தால் இரண்டு முட்டியும் வீங்கிக் கிடந்தன. எண்ணெய் தேய்த்துக்கொண்டே, மனசு தாங்காமல், மெதுவான குரலில் கேட்டேன்.

"அன்னைக்கு உங்களுக்குத்தானே மூணு விழுந்தது?"

மதினி என் கையை வெடுக்கென்று பிடித்தாள். பக்கத்து அறையின் தட்டிச் சுவரைப் பார்த்தாள். குரலை அவ்வளவு தாழ்த்தி அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"வாய மூடுங்க தாயி. அவ காதுல விழுந்துச்சுன்னா நாளைக்கே கூடையத் தூக்கிட்டு ஓடையத் தாண்டிருவா. என் கையால தண்ணி வாங்காதவ, எடத்த வாங்குவாளா? சாமி குடுத்துச்சுன்னுதான் உக்காந்து பால் குடுத்துக்கிட்டு இருக்கா."

"அதுக்காக அவ பேசுற பேச்சையெல்லாமா..."

"பேசட்டும். பேசுனாத்தான் நம்புறான்னு அர்த்தம்."

சுவருக்கு அந்தப் பக்கம் நாங்கள் முணுமுணுப்பது கேட்டிருக்க வேண்டும். "முட்டி வலிக்குதாம்ல சில பேருக்கு. சாமிய வஞ்சா வலிக்காம என்ன செய்யும்?" என்று பிள்ளையிடம் கொஞ்சுகிற சாக்கில் பிள்ளைக்காரியின் குரல் வந்தது.

"ஏய், கண்ணவிஞ்ச சாமிதான்டி அது! இன்னும் வைவேன்!" என்று மதினி சுவரைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினாள். அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை கெக்கலித்துச் சிரித்தது. மதினி கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு காலை என் பக்கம் நன்றாக நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் அழுத்தித் தேயுங்க தாயி. காலைல ஏறணும்" என்றாள்.